கேடயம் இருந்தால் போதுமா? ஒரு பழைய ஸ்காட்லாந்துக் கையெழுத்துப் பிரதியின் உரிமையாளரைக் கண்டறிவது எப்படி

பழைய ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதி ஒன்றின் பக்கம் இணையத்தில் பரவுகிறது. ஓரத்தில் வண்ணக் கேடயம் ஒன்று, அதாவது ஒருவரின் மரபுச்சின்னத்தைத் தாங்கிய கேடய வடிவம், தெரிகிறது. உடனே கீழே ஒரு வரி வந்துவிடும்: "இது இன்ன பிரபு தனக்காக எழுதச் சொன்ன நூல்."

இந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன. கேடயம் இன்னாருடையது என்பது ஒன்று. அது இன்ன காலத்தில் வரையப்பட்டது என்பது இரண்டு. நூலே அவருக்காக எழுதப்பட்டது என்பது மூன்று. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை மற்ற இரண்டுக்கும் சேர்த்து எழுதிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பமும். மூன்றுக்கும் சான்றுகள் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. இதைப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்தின் ஒரு பிரதியை முழுதாகப் பார்ப்பதே சரியான வழி.

## எந்தப் பிரதி?

ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் "ஆர்ச். செல்டன். பி. 24" என்ற அடுக்கு எண்ணில் ஒரு காகிதப் பிரதி இருக்கிறது. 230 தாள்களுக்கு மேல். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தில் எழுதப்பட்டது. முதல் பாதியை ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் 'ட்ராய்லஸ் அண்ட் கிரிசைட்' எடுத்துக்கொள்கிறது. அப்புறம் சாசரின் வேறு கவிதைகள், சாசர் எழுதாமல் அவர் பெயரில் ஏற்றப்பட்ட கவிதைகள், ஸ்காட்ஸ் (ஆங்கிலத்துக்கு நெருங்கிய ஸ்காட்லாந்து மொழி) கவிதைகள் என்று தொகுப்பு நீள்கிறது.

இந்தப் பிரதி இல்லாவிட்டால் ஒரு பெரிய கவிதை அடியோடு காணாமல் போயிருக்கும். 'கிங்கிஸ் குவேர்', அதாவது அரசனின் சிறுநூல். ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் இயற்றியது என்று சொல்லப்படும் 1379 அடிக் கவிதை அது. உலகத்தில் அதற்கு இருக்கும் ஒரே மூலம் இதுதான். சிறைப்பட்ட இளைஞன் ஜன்னல் வழியே தோட்டத்தில் நடக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அங்கிருந்து கவிதை விரிகிறது. ஜேம்ஸ் 1406இல் கடலில் பிடிபட்டு, 18 ஆண்டுகள் இங்கிலாந்தில் கைதியாக இருந்து, 1424இல் ஜோன் போஃபோர்ட்டை மணந்து நாடு திரும்பியவர். கவிதை அவருடையதுதானா என்ற கேள்வி, பிரதி யாரிடம் இருந்தது என்ற கேள்வியோடு நேரடியாகப் பின்னியிருக்கிறது. உடைமைக் குறிகளை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டியிருப்பதற்கு அதுதான் காரணம்.

## உடைமைக் குறி என்றால் என்ன?

ஒரு நூல் தன் கையில் இருந்தபோது ஒருவர் அதில் விட்டுச்சென்ற எந்தத் தடயமும் உடைமைக் குறிதான். பழைய ஸ்காட்லாந்துப் பிரதிகளில் முக்கியமாக நான்கு வகை வரும்.

1. எழுத்துக் குறிப்பு. லத்தீனில் "லிபெர்" (நூல்) என்று தொடங்கி உரிமையாளர் பெயர் வரும். ஸ்காட்ஸ் மொழியில் "இந்த நூல் இன்னாருக்கு உரியது" என்றோ, பெயரை எழுதி "என் கையால்" என்றோ முடிப்பார்கள்.

2. வெறும் பெயர். இதில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். பேனாவைச் சோதித்துப் பார்த்தவர், விருந்துக்கு வந்தவர், எழுதிப் பழகிய பிள்ளை என யார் வேண்டுமானாலும் காலித் தாளில் பெயரைக் கிறுக்கியிருக்கலாம். பெயர் இருப்பதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். அதற்காக ஒதுக்கித் தள்ளவும் கூடாது. கேம்பிரிட்ஜின் மாக்டலீன் கல்லூரியில் உள்ள மெயிட்லண்ட் குவார்ட்டோ பிரதியில் மேரி மெயிட்லண்டின் பெயர் 1586 என்ற ஆண்டோடு நிற்கிறது. ஒரு கவிதைத் தொகுப்போடு ஒரு பெண்ணுக்கு இருந்த உறவைக் காட்டும் சான்று அது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சான்று நமக்குக் கிடைப்பதே அபூர்வம்.

3. கேடயம். இதைத் தனியாகப் பார்ப்போம்.

4. நூற்கட்டும் அடுக்கு எண்ணும். அட்டையில் அச்சிட்ட முத்திரை, உள்பக்கம் ஒட்டிய சீட்டு, நூலகம் கொடுத்த எண் எல்லாம் இதில் சேரும். பிரதியைத் திரும்பக் கட்டியவர்கள் ஓரத்தை நறுக்கியதில் பாதி பெயர் போய்விட்ட பிரதிகள் ஏராளம்.

இந்த நான்கும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒரே தாளில் இருநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு கைகள் எழுதியிருக்கலாம். ஆகவே பெயரைப் படிக்கும் முன் எழுத்தின் வடிவம், மை, தாள் நூலின் எந்தத் தாள்தொகுதியைச் சேர்ந்தது என்பதையெல்லாம் பார்த்தாக வேண்டும்.

## கேடயத்தின் இலக்கணம்

மரபுச்சின்னக் கலைக்கென்று கறாரான விதிகள் உண்டு. கேடயத்தின் தளத்துக்கு ஒரு நிறம், அதன்மேல் உருவங்கள். தங்கம், வெள்ளி இரண்டும் 'உலோகங்கள்'. ஓவியத்தில் இவை மஞ்சளாகவும் வெள்ளையாகவும் வரும். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை 'வண்ணங்கள்'. உலோகத்தின்மேல் உலோகத்தையும் வண்ணத்தின்மேல் வண்ணத்தையும் வைக்கக்கூடாது என்பது பொது விதி. தொலைவிலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும் என்பதே நோக்கம்.

பிரதிகளைப் பார்ப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஓவியர் உண்மையான வெள்ளித் தகட்டைப் பயன்படுத்தியிருந்தால், காலப்போக்கில் அது கறுத்துவிடும். வெள்ளித் தளத்தில் கறுப்புச் சிலுவை என்று வரைந்தது, ஐந்நூறு ஆண்டு கழித்து ஏறக்குறைய முழுக் கறுப்பாகத் தெரியலாம். திரையில் தெரியும் நிறத்தை நம்பி முடிவு சொல்லிவிடக் கூடாது.

ஸ்காட்லாந்து மரபில் இன்னொரு அடிப்படை உண்டு. அங்கே 'குடும்பக் கேடயம்' என்று ஒன்று கிடையாது. கேடயம் ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கு உரியது. தலைமகன் அப்படியே பெறுவார். இளைய மகன்கள் கரை சேர்த்தோ சிறு உருவம் சேர்த்தோ வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். இதை மேற்பார்க்கும் அதிகாரி லார்ட் லயன். 1592இலும் 1672இலும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் அவருடைய அதிகாரத்தை உறுதிசெய்தன. 1672ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கிய பொதுப் பதிவேடு இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதியில்லாமல் கேடயத்தைப் பயன்படுத்துவது இன்றும் அங்கே சட்ட விரோதம்.

இதனால் ஆய்வாளருக்கு ஒரு நன்மை, ஒரு சிக்கல். நன்மை: கேடயத்தில் உள்ள சிறு வேறுபாடுகூட எந்தக் கிளை, எந்த ஆள் என்று காட்டிக்கொடுக்கும். சிக்கல்: 1672க்கு முந்திய கேடயங்களுக்குப் பொதுப் பதிவேடு கிடையாது. ஆவணங்களில் தொங்கும் மெழுகு முத்திரைகள், கல்லறைகள், கோட்டைச் சுவர்கள், 1542இல் சர் டேவிட் லிண்ட்சே தொகுத்தது போன்ற கேடயச் சுவடிகள் ஆகியவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

## சின்க்ளேர் கேடயம் சொல்வது

செல்டன் பிரதியில் ட்ராய்லஸ் கவிதை 118ஆம் தாளின் பின்பக்கத்தில் முடிகிறது. அந்தப் பக்கத்திலேயே சின்க்ளேர் பிரபுவின் கேடயம் இருக்கிறது. பிரதியின் கடைசிப் பகுதியில் லத்தீனில் "லிபெர் ஹென்ரிசி டோமினி சின்க்ளார்" என்ற வரி இருக்கிறது: சின்க்ளேர் பிரபு ஹென்றியின் நூல். படமும் எழுத்தும் ஒரே ஆளைக் காட்டுகின்றன. உடைமை ஆய்வில் இதைவிட நல்ல நிலை அமைவது கடினம்.

சின்க்ளேர்களின் அடையாளம், வெள்ளித் தளத்தில் கறுப்புச் சிலுவை. அதன் விளிம்பு நேர்கோடாக இருக்காது. அரைவட்டம் அரைவட்டமாகக் கொத்தி எடுத்ததுபோல் இருக்கும், வளைவுகள் சேரும் இடங்களில் கூர்முனைகள் வெளியே நீட்டும். எடின்பரோவுக்கு அருகே ரோஸ்லின் தேவாலயத்தில் இதே சிலுவையைக் கல்லில் பல இடங்களில் பார்க்கலாம். சிலுவைப்போர்க் காலத்துத் துறவி வீரர்களான டெம்ப்ளர்களின் ரகசியச் சின்னம் என்று இதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அது வீண் கற்பனை. இந்த வகை விளிம்பு மரபுச்சின்னக் கலையில் மிகச் சாதாரணமான ஒன்று. சின்க்ளேர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத எத்தனையோ குடும்பங்களின் கேடயங்களிலும் அது வரும்.

சின்க்ளேர் பிரபுக்களின் கேடயத்தில் சிலுவையோடு கப்பலும் வரும். கப்பல் ஆர்க்னித் தீவுகளின் கோமகன் பதவிக்கான சின்னம். இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது, ஏனென்றால் ஹென்றி பிரபுவான காலத்தில் அந்தப் பதவி குடும்பத்திடம் இல்லை. ஆர்க்னியை 1468இல் டென்மார்க் மன்னர் முதலாம் கிறிஸ்டியன், தன் மகளின் சீதனத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்து மன்னரிடம் அடகு வைத்தார். 1470இல் ஹென்றியின் தாத்தா வில்லியம் சின்க்ளேர் (ரோஸ்லின் தேவாலயத்தை நிறுவியவர்) தன் கோமகன் உரிமையை மூன்றாம் ஜேம்ஸ் மன்னருக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஃபைஃப் கடற்கரையில் ரேவன்ஸ்கிரெய்க் கோட்டையைப் பெற்றார். அப்புறம் சொத்தைப் பிரித்தபோது மூத்த மகனை ஒதுக்கிவிட்டு, இரண்டாம் மணத்துப் பிள்ளைகளுக்கு ரோஸ்லினையும் கேத்னஸையும் கொடுத்தார். அப்படி ஒதுக்கப்பட்ட மூத்த மகனின் மகன்தான் ஹென்றி.

ஆக, ஒரே தாத்தாவிடமிருந்து மூன்று கிளைகள். தலைமை யாருக்கு? 1489 ஜனவரியில் நாடாளுமன்றம் ஹென்றியைச் சின்க்ளேர் பிரபுவாகவும் அந்த இரத்தத்தின் தலைவராகவும் அறிவித்தது. அதே ஆண்டில் ஆர்க்னியும் ஷெட்லண்டும் அவருக்குக் குத்தகைக்குக் கிடைத்தன. பதவி போனாலும் நிர்வாகம் திரும்பக் கைக்கு வந்தது. இந்தப் பின்னணியில் பார்த்தால், ஒரு நூலுக்குள் வரையப்பட்ட கேடயத்தை வெறும் அலங்காரம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தகராறில் இருந்து இப்போதுதான் தீர்ந்த ஓர் உரிமையை அது அறிவிக்கிறது.

## காலத்தைக் கணக்கிடுவது

இனி இரண்டாவது கேள்வி: எப்போது? பிரதியே தரும் தடயங்களை வரிசையாக அடுக்கலாம்.

1. கேடயத்துக்கு அடுத்து, 120ஆம் தாளில் ஒரு லத்தீன் குறிப்பு. "நம் அரசர் நான்காம் ஜேம்ஸின் பிறப்பு, 1472 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாள்" என்பது அதன் சாரம். வரலாற்று நூல்களைத் திறந்தால் நான்காம் ஜேம்ஸ் பிறந்தது 1473 என்றிருக்கும். எழுத்தர் தவறவில்லை. அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். 1600இல்தான் அதை ஜனவரி 1க்கு மாற்றினார்கள். மார்ச் 17 என்பது அவர்கள் கணக்கில் பழைய ஆண்டின் கடைசி நாட்களில் ஒன்று.

2. குறிப்பு அவரை "நான்காம்" ஜேம்ஸ் என்றும் அரசர் என்றும் சொல்கிறது. தந்தை மூன்றாம் ஜேம்ஸ் 1488 ஜூன் 11இல் சாக்கிபர்ன் சண்டையன்று கொல்லப்பட்ட பிறகே மகனுக்கு அந்தப் பெயர் பொருந்தும். ஆகவே குறிப்பு எழுதப்பட்டது அதற்குப் பிறகு. 1472 என்ற ஆண்டைப் பார்த்ததும் பிரதியே 1472இல் எழுதப்பட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

3. "டோமினி சின்க்ளார்" என்கிறது உடைமைக் குறிப்பு. டோமினி என்றால் பிரபுவினுடைய. ஹென்றியின் பட்டம் உறுதியானது 1489 ஜனவரியில். ஆகவே இந்த வரி அதற்கு முந்தியிருக்க வாய்ப்பில்லை.

4. ஹென்றி 1513 செப்டம்பர் 9இல் ஃப்ளாடன் போர்க்களத்தில், தன் மன்னர் நான்காம் ஜேம்ஸ் விழுந்த அதே நாளில் இறந்தார். அதுவே மேல் எல்லை.

1489க்கும் 1513க்கும் இடைப்பட்ட 24 ஆண்டுகள். ஆண்டு குறிப்பிடாத ஒரு வரிக்கு இவ்வளவு குறுகிய கால எல்லை கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் இது குறிகளின் காலம். கவிதைகளைப் படியெடுத்த காலம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

## அவருக்காகவே எழுதப்பட்டதா?

மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி உதவும். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் நான்காம் ஜேம்ஸின் பிரார்த்தனை நூல் இருக்கிறது. 1503இல் அவர் இங்கிலாந்து இளவரசி மார்கரெட் டியூடரை மணந்ததையொட்டி ஃபிளாண்டர்ஸ் ஓவியர்கள் செய்தது. அதில் ஸ்காட்லாந்து அரச கேடயம் ஒரு முழுப் பக்கத்தை நிறைக்கிறது: தங்கத் தளத்தில் சிவப்புச் சிங்கம், சுற்றி லில்லிப் பூக்கள் பதித்த இரட்டைக் கரை. மன்னர் மண்டியிட்டு வேண்டும் காட்சியும் இருக்கிறது. கேடயம் ஓவியத் திட்டத்தின் உள்ளேயே, அதே பட்டறையில், அதே வண்ணங்களில் பிறந்திருக்கிறது. இங்கே "இவருக்காகச் செய்தது" என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே நூலில் மார்கரெட் தன் கையால் எழுதிய வரியும் உண்டு. இந்த நூலைப் பார்க்கும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தன் சகோதரிக்கு எழுதுகிறார். நூல் கைமாறிவிட்டது, கேடயம் மட்டும் பழைய உரிமையாளரையே காட்டிக்கொண்டிருக்கிறது. கேடயத்தை மட்டும் பார்த்து நின்றுவிட்டால் இந்த இரண்டாம் அத்தியாயம் நம் கண்ணுக்கே படாது.

செல்டன் பிரதி இவ்வளவு தெளிவாக இல்லை. கேடயம் முதல் பக்கத்து அலங்காரத்தோடு சேர்ந்து வராமல், நூலின் நடுவே, ஒரு கவிதை முடிந்த பக்கத்தில் இருக்கிறது. பிரதியை முதன்மையாக இரண்டு எழுத்தர்கள் எழுதியிருக்கிறார்கள். கிங்கிஸ் குவேர் நடந்துகொண்டிருக்கும்போதே 209ஆம் தாளில் கை மாறுகிறது. ஆகவே தொகுப்பு ஒரே மூச்சில் முடிந்ததாகத் தெரியவில்லை. இதையெல்லாம் வைத்து, ஹென்றி தொடக்கத்திலேயே எழுதச் சொன்னாரா, வளர்ந்துகொண்டிருந்த தொகுப்பைப் பிறகு தன்னுடையதாக்கிக்கொண்டாரா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே கருத்தில் இல்லை.

ஆனால் சின்க்ளேர் குடும்பத்தை நோக்கி இழுக்கும் ஒரு வலுவான சான்று உண்டு, அது கேடயத்திலிருந்து வரவில்லை. முதல் எழுத்தரின் கையெழுத்து, சர் கில்பர்ட் ஹேயின் உரைநடை மொழிபெயர்ப்புகள் உள்ள பிரதியிலும் இருப்பதாகக் கையெழுத்து ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஹே அவற்றை 1456இல் ரோஸ்லினில், ஹென்றியின் தாத்தா வில்லியத்துக்காக மொழிபெயர்த்தார். ஹென்றிக்கு நூல்மேல் இருந்த பற்றுக்கும் வெளிச்சாட்சி இருக்கிறது: வெர்ஜிலின் ஈனியட் காவியத்தை ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்த கேவின் டக்ளஸ், 1513 ஜூலையில் முடித்த அந்த நூலை இவர் கேட்டதால்தான் செய்ததாகச் சொல்லி, "நூல்களின் தந்தை" என்று இவரை அழைக்கிறார். என் கணிப்பில், இந்தப் பிரதி தற்செயலாக ஹென்றியின் கைக்கு வந்ததல்ல. அந்தக் குடும்பத்தின் வட்டத்துக்குள்ளேயே உருவானது. அப்படிச் சொல்ல வைப்பது எழுத்தரின் கைதான். கேடயம் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவே.

## இதனால் கவிதைக்கு என்ன?

கிங்கிஸ் குவேரை முதலாம் ஜேம்ஸ் எழுதினார் என்பதற்குப் பிரதி இரண்டு இடத்தில் சாட்சி சொல்கிறது. கவிதை முடியும் இடத்தில் "ஸ்காட்லாந்தின் மிகப் புகழ்பெற்ற மன்னர் முதலாம் ஜேம்ஸ் சொன்னது" என்று லத்தீனில் இருக்கிறது. கவிதைக்கு முன்னால், மன்னர் இங்கிலாந்தில் இருந்தபோது இயற்றியது என்று பிற்காலக் கை ஒன்று எழுதியிருக்கிறது. இரண்டுமே கவிதையின் காலத்துக்கு அறுபது ஆண்டுக்கு மேல் பிந்தியவை.

இதே பிரதி லிட்கேட், ஹாக்லீவ் ஆகியோரின் கவிதைகளைச் சாசர் பெயரில் ஏற்றியிருக்கிறது. அப்படியிருக்க, ஜேம்ஸ் பெயரை மட்டும் நம்பலாமா? நியாயமான கேள்வி. விடையில் ஒரு பகுதி அந்தக் கேடயத்துக்குப் பின்னால் நிற்கும் வம்சத்தில் இருக்கிறது. ஹென்றியின் பாட்டி எலிசபெத் டக்ளஸ், முதலாம் ஜேம்ஸின் அக்கா மார்கரெட்டின் மகள். தந்தை வழியிலும் தொடர்பு உண்டு: 1406இல் சிறுவன் ஜேம்ஸ் கப்பலில் பிடிபட்டபோது அவரோடு இருந்தவர் ஆர்க்னிக் கோமகன் ஹென்றி சின்க்ளேர், அதாவது நம் ஹென்றியின் கொள்ளுத்தாத்தா. லண்டன்காரரான சாசர் எதை எழுதினார் என்பதில் ஒரு ஸ்காட்லாந்து எழுத்தர் தடுமாறலாம். தங்கள் சொந்த உறவினரான மன்னர் எழுதியது எது என்பது அந்த வீட்டில் தெரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

வெளியிலிருந்தும் ஒரு குரல் இருக்கிறது. வரலாற்றாசிரியர் ஜான் மேஜர் 1521இல் அச்சான தன் நூலில், ஜேம்ஸ் கைதியாக இருந்தபோது அரசியைப் பற்றி நயமான சிறுநூல் ஒன்றை இயற்றினார் என்று எழுதுகிறார். இவற்றைச் சேர்த்து எடை போட்டால் ஜேம்ஸின் பக்கம் தட்டு நன்றாகவே தாழ்கிறது. பெரும்பாலான ஆய்வாளர்களும் அதையே ஏற்கிறார்கள்.

பிரதியின் கடைசி உடைமைக் குறி அதன் அடுக்கு எண்ணிலேயே இருக்கிறது. செல்டன் என்பது ஆங்கிலேய வழக்கறிஞரும் பெரும் நூல் சேகரிப்பாளருமான ஜான் செல்டன். 1654இல் அவர் இறந்தார். 1659இல் அவருடைய நூல்கள் போட்லியனுக்கு வந்து சேர்ந்தன. கிங்கிஸ் குவேர் முதன்முதலாக அச்சேறியது 1783இல், எடின்பரோவின் வில்லியம் டைட்லர் முயற்சியால். இன்று இந்தப் பிரதியை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரும் செல்டன் பெயரைத்தான் எழுதுகிறார்கள். ஹென்றி சின்க்ளேரின் பெயரைக் காண நூலைத் திறந்து தாள்களைப் புரட்ட வேண்டும்.